தன் பாதையைத் தானே விரிக்கும் வண்டி

புகையிரதத்துக்கு இரும்புப் பாதை உண்டு. மோட்டார் வண்டிக்குத் தார் வீதி உண்டு. உழும் வயலுக்கு வீதி அமைப்பவர் யார்? பாரமான இயந்திரத்தை ஈர நிலத்திலே புதையாமல் இயக்குவது எவ்வாறு என்ற இவ்வினா, மேலைநாட்டு அறிஞர்களை நூறாண்டுகளுக்கு மேலாகச் சிந்திக்க வைத்தது. அவ்வரலாற்றை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் விளங்குமாறு சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நினைவிற் கொள்வோம். சேற்றில் நடப்பவனின் கால் புதைகின்றது. அச்சேற்றின்மீது அகன்ற பலகையை இட்டு நடந்தால் புதைவதில்லை. அவனுடைய நிறை குறையவில்லை. அந்நிறை பரவும் பரப்பே கூடியது. ஓரலகுப் பரப்பைத் தாக்கும் விசையை அமுக்கம் என்கின்றோம். 10 தொன் நிறையுள்ள இயந்திரம் ஒன்று அரைச் சதுர மீற்றர் பரப்பில் நின்றால், நிலம் சதுர மீற்றருக்கு 20 தொன் சுமக்க வேண்டும். அதே இயந்திரம் இரண்டரைச் சதுர மீற்றரிற் பரவி நின்றால் 4 தொன் சுமந்தாற் போதும். நாம் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் இவ்வொரு கணக்கிலே அடங்கும்.

நீராவி இயந்திரம் வேளாண்மைக்கு முதலில் உதவியது சூடடிக்கும் வேலையிலேயாகும். 1812ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலுள்ள பண்ணை ஒன்றுக்கு ரிச்சர்ட் டிரெவிதிக் என்பார் அத்தகைய இயந்திரமொன்றை அமைத்துக் கொடுத்தார். சூடடிக்கும் இயந்திரம் ஓரிடத்தில் நிற்பது. ஆதலால் அதன் பாரம் இடையூறாகவில்லை. உழவோ நகர்ந்து செய்யும் தொழில். கொதிகலனும் நீரும் நிலக்கரியும் சுமந்த இயந்திரம் வயலில் இறங்கினால் மண்ணை இறுக்கும். அன்றேல் மண்ணிற் புதையும்.

இதற்கு முதல் விடை கண்டவர் ஜோன் பவுளர். 1849இல் பஞ்சத்தால் நலிந்திருந்த அயர்லாந்தை நேரிற் கண்ட அவர், நீர் தேங்கிய நிலங்களை வடியச் செய்து பயிர் விளைவிக்கும் வழியை ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியே பின்னர் அவரை உழவுக்கு இட்டுச் சென்றது. இயந்திரத்தை வயலில் இறக்காமல் வரம்போரத்திலே நிறுத்தி, கம்பி வடத்தினால் கலப்பையை மாத்திரம் இழுக்கச் செய்தார். கலப்பையோ ஏறிவிளையாடும் ஊஞ்சற் பலகை போன்றது. இரு பக்கமும் கொழுக்கள் உடையது. ஒரு பக்கம் மண்ணில் உழும்போது மறுபக்கம் மேலே நிற்கும். திரும்பி வருகையில் பக்கம் மாறும். 1858இல் செஸ்டர் நகரில் இங்கிலாந்தின் அரச வேளாண்மைக் கழகம் அளித்த 500 பவுண் பரிசு அவருக்குக் கிடைத்தது. வயலின் இரு ஓரங்களிலும் ஒவ்வோர் இயந்திரத்தை நிறுத்தி மாறி மாறி இழுக்கும் முறை பின்னர் வந்தது. 1864இல் அவர் மறைந்தபோது வயது 38 மட்டுமே.

இரண்டாம் விடை, வண்டியே தன் பாதையைச் சுமந்து செல்லவேண்டும் என்பது. 1770இலேயே ரிச்சர்ட் லவெல் எட்ஜ்வேர்த் இவ்வெண்ணத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1846இல் ஜேம்ஸ் பொய்டெல், சக்கரத்தைச் சுற்றிப் பலகைகளைப் பிணைத்து, அவை ஒவ்வொன்றாக நிலத்திற் படியுமாறு செய்தார். எனினும் இவ்வெண்ணம் முழுமை பெற 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அல்வின் லொம்பார்ட் என்பார் 1901இல், காட்டு மரங்களைப் பனிப்பாதையில் இழுக்கும் நீராவி வண்டிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன் முன்பக்கம் பனிச்சறுக்குக் கட்டைகளிலும் பின்பக்கம் சங்கிலிப் பட்டைகளிலும் ஊர்ந்தது. பற்சக்கரம் சுழலச் சங்கிலிப் பட்டை முன்னே விரிந்து நிலத்திற் படியும்; வண்டி அதன்மேல் உருண்டு செல்லும்; கடந்த பகுதி பின்னால் உயர்ந்து மீண்டும் முன்னே வரும். முடிவில்லாத பாதை என்பது இதுவே.

கலிபோர்னியாவின் ஸ்ரொக்டன் நகரையடுத்த ஆற்றுக் கழிமுக நிலம், மக்கிய தாவரங்கள் படிந்து பஞ்சு போல் மென்மையானது. அங்கே உழவு இயந்திரங்கள் புதையாதிருக்கச் சக்கரங்களை மேன்மேலும் அகலமாக்கினர். சிலவற்றின் மொத்த அகலம் 46 அடியை எட்டியது. அத்தகைய பூதத்தைத் திருப்புவது எங்ஙனம்? பெஞ்சமின் ஹோல்ட், 40 குதிரைவலு நீராவி இயந்திரம் ஒன்றின் பின்சக்கரங்களைக் கழற்றி, மரச்சட்டங்கள் பூட்டிய சங்கிலிகளைப் பொருத்தி, 1904 நவம்பர் 24ஆம் நாள் பரிசோதித்து வெற்றி கண்டார். அது ஊர்வதைக் கண்ட புகைப்படக் கலைஞர் ஒருவர் மயிர்க்கொட்டியைப் போல் செல்கின்றதே என்றாராம். மயிர்க்கொட்டியைக் குறிக்கும் 'கற்றர்பில்லர்' என்ற ஆங்கிலச் சொல்லே 1910இல் வணிகப் பெயராகப் பதிவாயிற்று. பாரம் குறைந்த பெற்றோல் இயந்திரங்கள் வந்ததும் நீராவி மெல்ல விடைபெற்றது. சங்கிலிப் பட்டை நிலைத்தது.

வயலுக்கெனப் பிறந்த பட்டை பத்தே ஆண்டுகளிற் போர்க்களம் புகுந்தது. முதல் உலகப் போரில் ஹோல்ட் இயந்திரங்கள் பீரங்கிகளை இழுத்தன. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வேளாண்மை இயந்திரங்கள் செய்து வந்த தொழிற்சாலை ஒன்றே முதலாவது கவச வண்டியை உருவாக்கியது. இரகசியம் காக்கும் பொருட்டு அதனைத் தண்ணீர்த் தாங்கி என்றே குறிப்பிட்டனர். 'டாங்கி' என்ற பெயர் அவ்வாறு வந்ததே. 1916 செப்ரெம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாக ஊர்ந்தது.

நம்மிற் பலர் சங்கிலிப் பட்டையை முதன்முதலிற் கண்டது வயலில் அன்று, வீதியிலே. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வீதிகளில் அது பதித்த தடங்களைப் பெற்றோர் மறந்திலர். அவ்வொலியைக் கேளாது வளரும் நம் பிள்ளைகள், அது உழவுக்கெனப் பிறந்தது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்றே இதனை எழுதினோம். இன்று இலங்கையின் நெல்வயல்களிலும் இறப்பர்ப் பட்டையில் ஊரும் அறுவடை இயந்திரங்கள் கதிர் அறுக்கின்றன. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் வரம்பில் நின்று அதனைப் பார்ப்பார்களாக. பாரத்தைப் பரப்பிச் சுமக்கும் அந்தப் பழைய கணக்கு, அங்கே சேற்றில் எழுதப்பட்டிருப்பதைக் காண்பர்.