நாணமும் வணக்கமும் ஒரு சொல்லில்

புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் ‘ஐதோஸ்’ என்றொரு சொல் உண்டு. இழிசெயலுக்குக் கூசும் நாணத்தையும், பெரியதொன்றின் முன் தலைவணங்கும் மதிப்பையும் அது ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டும் ஒரு சொல்லில் அடங்குவது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மிக அருகியே வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், மகளிர்க்குத் தக்க அணி எது என்று கூறுமிடத்தில் அது நிற்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ‘நாணம்’ என்றது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், இறைவழிபாட்டைப் பற்றிய இடத்திலும் பல கையெழுத்துப் படிகளில் அது உண்டு. வேறு பழம்படிகளில் அவ்விடத்தில் அச்சத்தைக் குறிக்கும் சொல் காணப்படுகிறது.

முதல் இடத்தை மட்டும் பார்ப்போர், இது பெண்டிர்க்கே உரிய கூச்சம் என்று கருதிவிடக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. ஹோமரின் இலியட் காவியத்தில், பின்வாங்கும் வீரரை நோக்கித் தலைவர் எழுப்பும் முழக்கமே இச்சொல்தான். அக்காவியத்தின் 22-ஆம் காண்டத்தில், பெற்றோர் மதில்மேல் நின்று மன்றாடியும் ஹெக்டர் கோட்டைக்குள் திரும்பவில்லை. தன் பிழையால் படை அழிந்தபின் ஊரார் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று நாணுகிறான். 24-ஆம் காண்டத்தில், மகனின் உடலை வேண்டிவந்த முதியவன் பிரியாம், தெய்வங்களை மதித்துத் தன்மீது இரங்குமாறு அக்கிலீசை வேண்டுகிறான். நாணுதற்கும் மதித்தற்கும் அங்கே வினைச்சொல் ஒன்றே.

வெட்கத்தைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘ஐஸ்கூனே’ என வேறொரு சொல்லும் உண்டு. விருந்தில் முதலிடத்தில் அமர்ந்தவன் எழுப்பப்பட்டுக் கடைசி இடத்திற்குச் செல்லும்போது அடையும் வெட்கத்தை லூக்கா சுவிசேஷம் இச்சொல்லாலேயே கூறுகிறது. பழைய ஆட்சியில் இரண்டும் சிற்சில இடங்களில் கலந்து வரினும், வேறுபாடு தெளிவானது. ஐஸ்கூனே பெரும்பாலும் பிறர் கண்டபின் வருவது. ஐதோஸ் செயலுக்கு முன்பே நின்று தடுப்பது.

1611-இல் அச்சான ஆங்கில வேதாகமம் இதனை ‘ஷேம்ஃபாஸ்ட்னெஸ்’ என்றது. நாணத்தால் உறுதியாகக் கட்டுண்டிருத்தல் என்பது அதன் பொருள். பிற்காலப் பதிப்புகளில் அது ‘ஷேம்ஃபேஸ்ட்னெஸ்’ என்று திரிந்தது. உள்ளத்தின் உறுதி, முகத்தின் சிவப்பாகச் சுருங்கிவிட்டது!

பிளேட்டோவின் புரோத்தாகரஸ் என்னும் நூலில் ஒரு கதை வருகிறது. மாந்தர் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதைக் கண்ட சீயஸ், ஐதோசையும் நீதியையும் ஹெர்மீஸ் வழியாக அனுப்புகிறான். தொழில்திறனைப் போலச் சிலர்க்கு மட்டும் அன்று, எல்லோர்க்கும் பங்கிடுக என்பது அவன் கட்டளை. இல்லையேல் நகரங்கள் நிலைபெறா. நம் திருக்குறளின் ‘நாணுடைமை’ அதிகாரமும், தகாத செயலுக்கு நாணுவதை மகளிர் நாணத்தினின்று வேறாக வைத்தே தொடங்குகிறது.

நெடுநாள் ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். ஒரு சிறுவனை வகுப்பின் முன் நிறுத்தி இகழ்ந்தால் அவனுக்குள் பிறப்பது ஐஸ்கூனே. அகப்படாமல் தவறு செய்யவே அது கற்பிக்கும். அவனை மதித்து நடத்தினால், அம்மதிப்புக்குக் குறைவு நேராதிருக்கத் தானே தன்னைக் காத்துக்கொள்வான். அதுவே ஐதோஸ். பிள்ளைகளைத் திருத்த முற்படும் பெற்றோரும் ஆசிரியரும், இவ்விரண்டில் எதனை வளர்க்கிறோம் என்று தம்மைக் கேட்டுக்கொள்வது நலம்.