தாடை பொய் சொல்லாது!

சாயங்காலம் ஆறு மணி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி காவிரிப் பாலம் ஏறினா, அந்தக் காத்துக்கே ஒரு தனி கிக்! முன்னாடி நீங்க, பின்னாடி உங்க ஃப்ரெண்ட். ஹெல்மெட்? இருக்கே... பெட்ரோல் டேங்க் மேல பத்திரமா உட்கார்ந்திருக்கு. மாம்பழச்சாலையில போலீஸ் நின்னா எடுத்து மாட்டிக்கலாம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு காபி, திரும்பி ஹாஸ்டல். அவ்வளவுதானே பாஸ்?

குறுக்கே ஒரு ஆட்டோ. நீங்க பிரேக்கை அழுத்த, முன் சக்கரம் வழுக்க, தரையை முதல்ல தொடுறது உங்க தாடை.

இப்போ சீன் புத்தூர் ஜி.ஹெச். ‘எப்படிப்பா அடிபட்டுச்சு?’னு கேட்டு ஏ.ஆர். என்ட்ரி போடுவாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா பைக் சாவி போயிடும்னு ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்’னு ஒரு பிட்டைப் போடலாம்தான். ஆனா எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் வந்ததும் மேட்டர் மாறிடும். முக எலும்பு கண்ட இடத்துல உடையாது மக்களே. எங்கே அடி விழுந்துச்சு, எந்தப் பக்கத்துல இருந்து விழுந்துச்சுங்கறதைப் பொறுத்துத்தான் உடையும்.

ரோட்டுல முகவாய்க்கட்டை நேரா மோதினா, கிழியறது முகவாய். உடையறது அங்கே மட்டுமில்ல, ரெண்டு காதுக்கும் முன்னாடி இருக்கற தாடை மூட்டும்தான்! அந்த மூட்டோட கழுத்து ரொம்ப மெல்லிசு. அது ஒரு நல்லதுக்குத்தான். அது உடைஞ்சு வழிவிடலைன்னா, தாடை மேலே ஏறி மண்டை ஓட்டையே இடிக்கும். பரேடுல ரொம்ப நேரம் நின்னு மயங்கி, மரம் மாதிரி குப்புற விழுற சிப்பாய்களுக்கும் இதே முறிவுதான். அதனால வெள்ளைக்காரங்க இதுக்கு ‘கார்ட்ஸ்மேன்’ முறிவுனே பேர் வெச்சுட்டாங்க.

கல்ச்சுரல்ஸ்ல கைகலப்பாகி ஒரு குத்து வாங்கினீங்கன்னா கதையே வேற. நம்மள்ல முக்கால்வாசி பேர் வலது கைக்காரங்க. அதனால பெரும்பாலும் அடி வாங்குறது எதிராளியோட இடது தாடை. உடையற இடமும் காதுக்குக் கீழே இருக்கற தாடைக் கோணம். அங்கே வெளியே வராத கடைவாய் ஞானப்பல் ஒளிஞ்சிருந்தா, எலும்பு இன்னும் வீக்! கிரிக்கெட் பந்து கண்ல பட்டா, கண்ணுக்குக் கீழே இருக்கற காகிதம் மாதிரியான எலும்பு உள்ளே சரியும். அப்புறம் மேலே பார்த்தா ஒரு நிலா ரெண்டாத் தெரியும்.

இந்தக் கணக்கை ஒருத்தர் உட்கார்ந்து ஆராய்ச்சியே பண்ணினார். பேர் ரெனே லெ ஃபோர், பிரெஞ்சு டாக்டர். இறந்தவங்க தலைகளை விதவிதமா மோத வெச்சு, மேல்தாடை எப்படியெல்லாம் பிளக்குதுன்னு பார்த்தார். (கேட்கவே ஒரு மாதிரி இருக்குல்ல?) திரும்பத் திரும்ப மூணே மூணு கோட்டுலதான் பிளந்துச்சு. 1901-ல எழுதி வெச்சார். லெ ஃபோர் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இன்னிக்கும் கேஸ் ஷீட்ல அவர் பேர்தான் ஓடுது.

நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள் கணக்கு எடுக்கும்போதெல்லாம் முன்வரிசையில வர்றது யார் தெரியுமா? இருபதுகள்ல இருக்கற பசங்க. காரணம்... டூ வீலர். அதாவது, இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டிருக்கற நீங்க!

‘அதான் ஹெல்மெட் போடறோமே’ங்கறீங்களா? எந்த ஹெல்மெட்? தலையை மட்டும் மூடற ‘ஆஃப் ஹெல்மெட்’ மண்டையைக் காப்பாத்தும். தாடைக்கு அது சும்மா தொப்பிதான். முகவாயையும் சேர்த்து மூடற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் மட்டும்தான் தாடைக்கும் காவல். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும், ஸ்ட்ராப் ‘க்ளிக்’னு மாட்டியிருக்கணும். இல்லேன்னா நீங்க தரைக்கு வர்றதுக்கு முன்னாடி ஹெல்மெட் தனியா பறந்து போயிடும். பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு தமிழ்நாட்டுல 2015 ஜூலையிலயே வந்தாச்சு. 2022-லிருந்து ஃபைன் ஆயிரம் ரூபாய். ஆனா நாம என்னவோ போலீஸுக்காகத்தான் மாட்டறோம், தாடைக்காக இல்ல.

சரி, உடைஞ்சா என்ன பண்ணுவாங்க? இப்போ டைட்டானியம் பிளேட் வெச்சு ஸ்க்ரூ அடிச்சுடறாங்க. மூட்டு உடைஞ்சா பல நேரம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால சேர்த்துக் கட்டிடுவாங்க. வாரக் கணக்குல கஞ்சி, ஜூஸ்தான். பிரியாணியை வாசனை பிடிக்கலாம். கொட்டாவிகூட விட முடியாது. வைவா வந்தா பல்லைக் கடிச்சுட்டே பதில் சொல்லணும்!

இதைவிட மோசம், ‘லேசான வீக்கம்தான்’னு ரூம்லயே ஐஸ் வெச்சுட்டுப் படுக்கறது. பல்லைக் கடிச்சா முன்ன மாதிரி சேரலையா? கீழ் உதடோ கன்னமோ மரத்துப் போச்சா? பார்க்கறது ரெண்டாத் தெரியுதா? உடனே கிளம்புங்க. மூக்குல இருந்து தண்ணி மாதிரி ஒழுகினா மூக்கைச் சிந்தவே கூடாது. மூளையைச் சுத்தி இருக்கற திரவமா இருக்கலாம். தள்ளிப் போட்டா எலும்பு கோணலாவே ஒட்டிக்கும், வாய் திறக்கறதே கஷ்டமாகலாம்.

காசுக்கு யோசிக்காதீங்க. 2021 டிசம்பர்ல தமிழக அரசு ஆரம்பிச்ச ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல, சாலை விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. ரோட்டுல கிடக்கறது வேற யாராவதா? 108-க்கு அடிங்க. போலீஸ் கேஸ்னு பயமே வேணாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, உதவி பண்றவர் தன் பேரைச் சொல்லணும்னுகூட கட்டாயப்படுத்த முடியாது. வாயெல்லாம் ரத்தமா இருந்தா, மூச்சு அடைக்காம இருக்கான்னு முதல்ல பாருங்க. கழுத்தை மட்டும் திருப்பி ஆட்டிடாதீங்க.

அப்புறம், பக்கத்துல பல் ஏதாவது தெறிச்சுக் கிடக்கான்னு தேடுங்க. கிடைச்சா வேர்ப் பக்கம் தொடாம எடுத்து, எதிர் டீக்கடையில ஒரு டம்ளர் பால் வாங்கி அதுக்குள்ள போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட கொண்டு போங்க. திரும்ப நட்டு வெக்க சான்ஸ் இருக்கு. பச்சைப் பால்னு சொல்லிக் கேளுங்க, மாஸ்டர் பழக்கதோஷத்துல கொதிக்கக் கொதிக்க ஊத்திடப் போறார்!