அந்நியனும் வியாபாரியும் – சமூகவியல் ஓர் எளிய அறிமுகம்

சமூகவியல் என்றதும் அது கல்லூரிப் பாடம், நமக்கென்ன என்று நம்மவர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் வந்த ஊரில் கடை போட்டு உட்கார்ந்த நம்மைப் போன்றவர்களைப் பற்றியே அத்துறை மூலவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். பெர்லினில் பிறந்த கியோர்க் சிம்மல் (1858–1918) என்பவர் அவர். 1908இல் வெளிவந்த அவரது 'சமூகவியல்' நூலில் 'அந்நியன்' என்று சில பக்கங்களே கொண்ட ஒரு பகுதி உண்டு.

வந்துவிட்டுப் போகிறவன் வழிப்போக்கன். வந்து தங்கிவிடுகிறவனே அந்நியன் என்கிறார். அவன் பெரும்பாலும் வியாபாரி. உள்ளூரில் நிலமும் தொழிலும் ஏற்கெனவே பங்கு போட்டு முடிந்திருக்கும். புதிதாக வந்தவனுக்கு இடமிருப்பது வாங்கி விற்பதில்தான். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான நம்ம சாலைக் கம்போளத்தில் எத்தனை தமிழ்க் கடைகள், பாருங்கள்!

சொந்தக்காரனிடம் சொல்லாததை ஊர்க்காரர் அந்நியனிடம் சொல்வார்கள் என்பது சிம்மலின் இன்னொரு கவனிப்பு. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பாகப்பிரிவினைத் தகராறு, மகளின் வரன், அடகில் இருக்கும் நகை எல்லாம் பில் போடுவதற்குள் காதில் விழும். நாம் எந்தத் தறவாட்டையும் சேர்ந்தவர்கள் இல்லையே!

மறுபக்கமும் உண்டு. அந்நியனை ஊர் தனி மனுஷனாகப் பார்க்காது. மத்தியகால பிராங்க்ஃபர்ட்டில் கிறிஸ்தவக் குடிகளுக்கு வரி சொத்துக்குத் தக்கபடி மாறும். யூதனுக்கோ என்றைக்கும் ஒரே வரி என்று சிம்மல் உதாரணம் காட்டுகிறார். அவரே யூத வம்சத்தவர். முழுப் பேராசிரியர் பதவி 1914இல், 56 வயதில்தான் கிடைத்தது.

இங்கே 'பாண்டி' என்ற ஒரே சொல்லில் நாகர்கோவில்காரரும் தஞ்சாவூர்க்காரரும் அடங்கிவிடுகிறார்கள். அதே குடும்பம் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனால் 'மலையாளத்துக்காரங்க வந்தாச்சு'! என் பாடு இன்னும் வேடிக்கை. ஜைனன் என்றால் உடனே 'சேட்டா?' என்பார்கள். தமிழே தாய்மொழியான சமணர் வந்தவாசிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்வதை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். நாகர்கோவில்காரர் 1956 அக்டோபர் 31 வரை நமக்கு ஒரே மாநிலத்தவர். மறுநாள் எல்லைக்கோடு மாறியது, அவரும் வெளியூர்க்காரர் ஆனார். ஆக, அந்நியம் என்பது ஆளின் குணமல்ல, உறவின் பெயர். தனி ஆளை விட்டு இந்த உறவைப் பார்ப்பதுதான் சமூகவியல்.

கிட்டவும் எட்டவும் நிற்கும் இந்தப் பார்வை ஆராய்ச்சிக்கும் உதவும். மைசூரில் குடியேறிய தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர் எம்.என். சீனிவாஸ் (1916–1999). தம் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஆட்டிடையர் தெருவே தமக்கு முதல் வேற்றுலகம் என்று எழுதியிருக்கிறார். 1948இல் மைசூர் அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். 1970இல் அமெரிக்காவில் அந்தக் குறிப்புகள் தீக்கிரையாக, நினைவிலிருந்தே எழுதிய நூல் 1976இல் வந்தது. நம் பிள்ளைகளில் யாராவது சாலையையோ கரமனை அக்ரகாரத்தையோ அப்படி எழுதினால், முதலில் வாங்கிப் படிக்க நானிருக்கிறேன்.