ஏறத் தெரிந்தவர், இறங்கப் பயந்தவர்

சமதரையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் அவரைத் தேடினால் கண்ணில் படமாட்டார். பெரிய உடம்புக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி வந்துகொண்டிருப்பார். சாலை மலை மேல் ஏறத் தொடங்கியதும்தான் முன்னால் வருவார். பந்தய உலகில் இவருக்கு ‘க்ளைம்பர்’ என்று பெயர். நாம் ஏற்ற வீரர் என்று சொல்லலாம். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் வரும் நாட்கள்தான் இவருடைய நாட்கள்.

சமதரையில் சைக்கிளுக்குப் பகை காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு எதிர்க்கும். அங்கே தொடை பெருத்தவருக்கே லாபம். ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். காற்றின் கை தளர்ந்து, உடல் எடை பகையாகிறது. பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துவெஸ் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13.8 கிலோமீட்டர் தூரம், 21 கொண்டை ஊசி வளைவுகள், 100 மீட்டருக்குச் சுமார் 8 மீட்டர் ஏற்றம். உச்சிக்குப் போவதற்குள் 1,100 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். 60 கிலோ வீரரும் 75 கிலோ வீரரும் சேர்ந்து புறப்பட்டால், இரண்டாமவர் 15 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் அத்தனை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பொருள்.

ஆகவே ஏற்றத்தில் மொத்த பலத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதை எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். தலைசிறந்த ஏற்ற வீரர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 6 வாட் வீதம் அரை மணி நேரம் மிதிப்பார். 60 கிலோ மனிதருக்கு அது 360 வாட். வீட்டில் ஓடும் பழைய மாடல் சீலிங் ஃபேன்கள் கிட்டத்தட்ட ஐந்தை ஒருவர் தன் இரு கால்களால் சுழற்றுவதற்குச் சமம்!

வேகம் குறைந்த ஏற்றத்தில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவதிலும் பெரிய பயன் இல்லை. இதைத்தான் ஏற்ற வீரர் ஆயுதமாக்குகிறார். சீட்டிலிருந்து எழுந்து நின்று பத்து மிதி வேகமாக மிதிப்பார். பிறகு உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பின்னால் வருபவர் அரும்பாடுபட்டு நெருங்கும் நேரம் பார்த்து மறுபடியும் எழுவார். நாலைந்து முறை இப்படிச் செய்தால் கனத்த உடம்புக்காரரின் மூச்சு ஒழுங்கு குலைந்துவிடும்.

இந்த வித்தையில் ஸ்பெயின் நாட்டு ஃபெதரிகோ பஹமோன்தேஸுக்கு இணையாக நான் யாரையும் சொல்லமாட்டேன். 1928-இல் தொலேதோ பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில், கள்ளச் சந்தை உணவுப் பொருட்களைச் சைக்கிளில் சுமந்து பிழைத்தவர். ‘தொலேதோவின் கழுகு’ என்று அவரை அழைத்தார்கள்.

அந்தக் கழுகுக்கு இறக்கம் என்றால் பயம். இளம் வயதில் ஒரு இறக்கத்தில் கள்ளிப் புதருக்குள் விழுந்ததை அவரே சொல்லியிருக்கிறார். 1954-இல் முதன்முறை டூருக்கு வந்தபோது, ரொமெயேர் கணவாயின் உச்சியை முதல் ஆளாக அடைந்தார். சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி உடைந்திருந்தது. அணியின் கார் வந்து சேரும்வரை அங்கேயே நின்று ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டார். திமிர் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அது திமிராகத் தெரியவில்லை. பழுதான சக்கரத்தோடு தனியாக இறங்க அஞ்சிய மனிதர் வேறு என்ன செய்வார்?

அந்தப் பயத்தால் அவர் வெற்றிகளை இழந்தார். ஏற்றத்தில் சேர்த்த நிமிடங்கள் இறக்கத்தில் கரைந்துபோகும். உச்சியை முதலில் தொடுபவருக்குப் புள்ளி கொடுக்கும் மலை அரசர் போட்டி 1933-லிருந்தே இருந்தது. அந்தப் புள்ளிகளோடு பஹமோன்தேஸ் திருப்தியடைந்துவிடுவார். அவரை மாற்றியவர் இத்தாலிய சைக்கிள் மேதை ஃபாஸ்டோ கோப்பி. 1959-இல் அவரைத் தன் பெயர் தாங்கிய அணியில் சேர்த்துக்கொண்டு, உச்சிகளை மட்டும் துரத்தாதே, உன்னால் டூரையே வெல்ல முடியும் என்று நம்பவைத்தார்.

அந்த ஆண்டு பூய் தெ டோம் எரிமலைமேல், ஒவ்வொருவராகத் தனியே ஏறிக் கடிகாரத்தோடு மோதும் பந்தயம் வந்தது. முடிவுக் கோடு உச்சியிலேயே இருந்தது. இறங்க வேண்டிய தேவையே இல்லை. பஹமோன்தேஸ் அத்தனை பேரையும் வென்றார். பாரீஸ் போய்ச் சேர்ந்தபோது இரண்டாமவரைவிட நான்கு நிமிடம் முன்னால் இருந்தார். டூர் டி பிரான்ஸை வென்ற முதல் ஸ்பானியர் அவர்தான். மலை அரசர் பட்டத்தை ஆறு முறை பெற்றார். கடைசியாகப் பெற்றது 1964-இல், 36 வயதில். மலை அரசருக்குரிய சிவப்புப் புள்ளிச் சட்டையை மட்டும் அவர் அணிந்ததில்லை. அது 1975-இல்தான் வந்தது. 2023 ஆகஸ்டில், 95 வயதில் காலமானார்.

அடுத்த ஜூலையில் டூரின் மலைநாள் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தால், ஒல்லி வீரர் உச்சியைக் கடந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அடுத்த பத்து நிமிடம் அவர் எப்படி இறங்குகிறார் என்பதையும் பாருங்கள்.