கொம்பு முளைத்த வண்டிகள்

இமாசலப் பிரதேசத்தில் கிராம்பூவிலிருந்து சந்திரா நதியின் கரையோடு ஏறி, பாத்தால் என்னும் சிற்றிடத்தைத் தாண்டி, 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்சும் கணவாய் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இறங்கும் வழியைப் பாதை என்று அழைப்பது ஒரு மரியாதைக்காகத்தான். பனிமலையிலிருந்து வரும் ஓடைகள் இன்னமும் பல இடங்களில் அதன் மேலேயே புரண்டு ஓடி நதியில் விழுகின்றன. காலையில் முழங்காலுக்குக் கீழே சாதுவாக ஓடும் நீர், பகலெல்லாம் வெயில் பனியை உருக்கிய பின்பு, பிற்பகலில் கற்களை உருட்டிக்கொண்டு பிரவாகமாக வருவது கோடைக்காலத்தில் அங்கே தினசரி நிகழ்ச்சி. விடியற்காலையிலேயே ஓடைகளைத் தாண்டிவிடுவது ஆகையால் அப்பிரதேசத்து டிரைவர்களின் முதல் விதி. இரண்டாவது விதி எது என்பதில் அவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு.

2020 அக்டோபரில் ரோதாங் மலையைக் குடைந்த ஒன்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, இப்பாதை தொடங்கும் லாஹௌல் பிரதேசத்தை அடைவது சுலபமான காரியமாகிவிட்ட பிறகு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளில் சமவெளிவாசிகள் இவ்வோடைகளைத் தேடி வருவது ஒரு கோடைக்கால விரதமாகவே ஆகிவிட்டது. அவ்வாறு வருகிற வண்டிகளில் பலவற்றின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ‘ஸ்நார்க்கல்’ என்னும் கரிய குழாய் கூரைவரை நிமிர்ந்து நிற்கிறது. வண்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டால் உடையவருக்கும் முளைத்துவிடுகிறது என்பதே என் கவலை.

அந்தக் குழாயின் பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. காற்றோடு நீரும் எஞ்சினுக்குள் புகுந்தால் நேரும் விபரீதம் அற்பமானதன்று. அரை லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் சிலிண்டர் ஒன்றில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சுகிற இடம் சுமார் 30 மில்லிலிட்டர்தான். காற்று அமுங்கி அந்த இடத்தில் அடங்கும், நீர் அமுங்காது. ஆகவே மேலெழும் பிஸ்டனை நீர் தடுத்து நிறுத்த, கனெக்டிங் ராட் வளைந்துபோகிறது. ஓடை நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது என்று மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

ஆனால் குழாயை மாட்டியவர்களில் எத்தனை பேர் அதன் இணைப்புகளைச் சோதித்தார்கள்? எஞ்சினை ஓடவிட்டுக் குழாயின் மேல்வாயை ஒரு பலகையால் அடைத்தால் அது திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடுமானால் கீழே எங்கோ ஒரு சந்தின் வழியாகக் காற்று புகுகிறது, காற்று புகும் வழியில் நீர் புகாதா? எல்லா இணைப்பும் செவ்வனே அமைந்திருந்தாலும், அந்தக் குழாய் எஞ்சின் சுவாசிக்க உதவுமேயன்றி வண்டியை மிதக்காமல் பிடித்து வைக்காது. நான்கு மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள வண்டியின் அடித்தளத்துக்கு மேலே 30 சென்டிமீட்டர் நீர் ஏறி, அது உடனே உள்ளே புகாதிருக்குமானால், ஏறக்குறைய இரண்டு டன் எடையைத் தூக்கும் விசை அங்கே உண்டாகிவிடுகிறது. அவ்வகை வண்டிகள் பலவற்றின் எடையும் அவ்வளவே. சிட்னியில் பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் நிஜ வாகனங்களையே நீரில் இறக்கிச் சோதித்தபோது, இரண்டரை டன் எடையுள்ள பெரிய ஜீப் வகை வண்டி ஒன்று, மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில் ஓடிய 45 சென்டிமீட்டர் ஆழ நீரிலேயே நிலைகுலையத் தொடங்கிற்று. தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிடும் ஆழ அளவோ தேங்கிய நீரில், நடை வேகத்தில் செல்வதற்குரியது. ஸ்பிதி வழியின் ஓடைகள் அந்தக் கையேட்டைப் படித்தவையல்ல.

இது எல்லாருக்கும் தெரியக்கூடிய அபாயம்; தெரியாத அபாயம் வண்டியின் அடியில் இருக்கிறது. சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியல், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் உள்ளே ஆயிலும் அதற்கு மேலே கொஞ்சம் காற்றும் உண்டு. ஓட்டத்தில் உஷ்ணமேறி அந்தக் காற்று விரியும்போது வெளியேறுவதற்காக ஒவ்வொன்றிலும் ‘பிரீதர்’ என்று ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள். 80 பாகை சூட்டில் இருக்கும் இவற்றின் உறை (ஹவுசிங்), பனி உருகிய நீரில் திடீரென்று மூழ்கிக் குளிர்ந்தால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்குகிறது. 5 பாகைவரை குளிருமானால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். குறைந்ததை ஈடுசெய்ய அது வெளியிலிருந்து இழுக்கிறது. இழுக்கும் சமயத்தில் துவாரம் நீருக்கடியில் இருந்தால் நீரைத்தானே இழுக்கும்? துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தாலோ, ஆயில் சீலின் விளிம்பு வழியாகச் சேறும் மணலுமாக உள்ளே வந்து சேர்கிறது.

இராணுவத்தார் இதை வெகு காலம் முன்பே அறிந்திருந்தனர். 1950 வாக்கில் வந்த எம்38 என்னும் இராணுவ ஜீப்பில், கியர் பாக்ஸ் முதலிய உறுப்புகளின் துவாரங்களைக் குழாய்களால் இணைத்து உயரமான காற்றுவழியோடு சேர்த்திருந்தார்கள். அதே வேலையை இன்று எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் செய்துவிடலாம்: துவாரத்தின் மூடியைக் கழற்றி, எண்ணெய் தாங்கக்கூடிய ரப்பர் குழாயைப் பொருத்தி, சக்கரம் ஏறி இறங்கும்போது இழுபடாதவாறு சற்றுத் தளர விட்டு, எஞ்சின் அறையின் மேற்பகுதிவரை கொண்டுபோய்க் கட்டினால் தீர்ந்தது. கொம்பின் விலையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு சொற்பம். ஆயினும் இதைக் கேட்டு வருகிறவர் அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத குழாயைப் புகைப்படம் எடுக்க முடியாதல்லவா!

ஏனைய ஏற்பாடுகள் பலரும் அறிந்தவை. நீரின் ஆழத்தை முதலில் கோல் ஊன்றி நடந்து பார்ப்பது, நடக்கத் துணியாத நீரில் வண்டியை இறக்காதிருப்பது, மீட்புக் கயிற்றைக் கரையிலேயே கொக்கியில் மாட்டி வைப்பது, சீட் பெல்ட்டை அவிழ்த்துக் கண்ணாடிகளை இறக்குவது, முன்புறம் தார்ப்பாய் கட்டி விசிறியை நீரின் மோதலிலிருந்து காப்பது, தாழ்ந்த கியரில் நிற்காமலும் கிளட்சை மிதிக்காமலும் சீராகச் செல்வது ஆகிய இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை. ஸ்நார்க்கல் புழுதியையும் தவிர்க்கிறது என்று அதன் அபிமானிகள் கூறுவது உண்மை. இந்த ஆடம்பரம் எதுவுமின்றியே உள்ளூர் வாடகை வண்டிகள் வருஷக்கணக்காய் ஓடுகின்றனவே என்பாரும் உண்டு.

அக்கரை சேர்ந்த பின் பிரேக்கை மெல்ல மிதித்து உலர்த்திக்கொண்டு எல்லாரும் புறப்பட்டுவிடுகிறார்கள். பிரீதர் வழியாக உள்ளே புகுந்த நீரோ அன்றைக்கு எந்தச் சத்தமும் செய்வதில்லை. அது ஆயிலோடு கடையப்பட்டுப் பால் விட்ட காப்பியின் நிறத்தை அடைந்து, பேரிங்குகளிலும் பற்சக்கரங்களிலும் துருவை விதைத்து, மாதங்கள் கழித்து ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் கரகரப்பாக வெளிப்படும்போது, உடையவர் தாம் கடந்த ஓடையை நினைப்பதில்லை. பல சமயங்களில் வண்டியே கைமாறியிருக்கும். மலைப்பயணம் கண்ட பழைய வண்டியை விலை பேசுகிறவர், அதை ஓரிரவு அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் டிஃபரென்ஷியலின் அடி நட்டைச் சிறிதளவே தளர்த்திப் பார்க்கலாம். நீர் ஆயிலைவிடக் கனமானதாகையால், கலவாமல் தங்கிய நீர் இருந்தால் அதுவே முதலில் சொட்டும். நீருக்குப் பதிலாக அந்தக் காப்பி நிற ஆயில் வந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்க அது போதும்.