வளர்ந்தபின் மறப்பதா?

மூளை முடக்குவாதம் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவது, தாயின் இடுப்பில் துவண்டு கிடக்கும் ஒரு குழந்தையே. அக்குழந்தைக்கும் ஒரு நாள் நாற்பது வயது ஆகுமென்றோ, அப்பொழுது அதற்கும் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் வரக்கூடுமென்றோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாமரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வைத்திய சாஸ்திரமே இப்பிழையை நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறது. 1861-இல் லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில் இந்நோயைப் பற்றிக் கட்டுரை வாசித்தபோது, பிரசவத்தில் சிசுவுக்கு நேரும் தீங்கையே விவரித்தார். 1889-இல் வில்லியம் ஆஸ்லர் எழுதிய நூலின் பெயரிலேயே ‘குழந்தைகளின்’ என்ற சொல் ஏறிவிட்டது. அந்தச் சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, குழந்தைகளோ வளர்ந்துவிட்டனர்.

மூளையில் ஏற்பட்ட காயம் வயதோடு பெருகுவதில்லை என்பது உண்மையே. ஆனால், அதைச் சுமக்கும் தேகம் முதிர்கிறது. அதுவும் மற்றவர் தேகத்தைவிட விரைவாகவே முதிர்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2002 முதல் 2010 வரை அந்நாட்டில் எடுக்கப்பட்ட குடும்ப விசாரணைகளிலிருந்து, இந்நோயுள்ள 1,015 வயது வந்தவர்களைப் பிரித்தெடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். நீரிழிவு மற்றவரில் நூற்றுக்கு 6.3 பேருக்கு, இவர்களில் 9.2 பேருக்கு. ரத்தக் கொதிப்பு அங்கே 22.1; இங்கே 30. பக்கவாதம் இரு மடங்கு. நடமாட்டம் குறையக் குறைய இந்த அபாயங்களும் கூடுகின்றன. நடக்க இயலாதவனுக்குத் தசை வளர்வதில்லை. தசையில்லாத தேகத்தில் சர்க்கரையைச் செலவிட இடமில்லை.

அப்படியானால் ரத்தத்தைப் பரீட்சித்து வியாதியை முன்கூட்டியே கண்டுகொள்ளலாமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், விபரீதம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சிறுநீரகத்தின் நலத்தை அறிய நம் வைத்தியர்கள் வழக்கமாகப் பார்ப்பது கிரியாட்டினின் என்னும் பொருளை. அது தசையிலே பிறப்பது. அன்றாடம் தசை அதை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். உடனே வைத்தியர் விழித்துக்கொள்வார். தசை மெலிந்த ஒருவருக்கோ அப்பொருள் பிறப்பதே சொற்பம். சிறுநீரகம் பாதி கெட்டுவிட்ட பின்னும் காகிதத்தில் வரும் எண் ‘சரியான அளவு’ என்றே சொல்லும். பரிசோதனைச் சாலையில் தவறு எதுவும் நேரவில்லை. ஆனால், அந்தச் சரியான அளவு என்பது நடமாடும் மனிதரை வைத்து வகுத்த அளவு. இவருக்கு அது பொருந்தாது.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதா? தசையின் இறுக்கத்தைத் தளர்த்த இவர்களில் பலருக்குக் கொடுக்கப்படும் மருந்து பாக்லோபென். அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து தேகத்தில் தங்கிப் பெருகும்; நோயாளி மயங்கிக் கிடப்பார், பிதற்றுவார். ‘அவன் நோயே அப்படித்தான்’ என்று வீட்டாரும், சில சமயம் வைத்தியரும், சொல்லிவிடுவதற்கு எவ்வளவு நேரமாகும்! பொது இடங்களில் சக்கர நாற்காலி நுழையத்தக்க கழிப்பிடம் இல்லாத காரணத்தால் வேண்டுமென்றே தண்ணீர் குடியாமல் வெளியே செல்பவர்களும் இவர்களில் உண்டு. சிறுநீரகத்துக்கு அதுவும் ஒரு பகை. நகரசபைகள் இதைக் கவனிக்குமா?

கிரியாட்டினினுக்கு மாற்று இல்லாமல் இல்லை. சிஸ்டாட்டின் ஸி என்ற புரதம் தேகத்தின் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் பிறப்பது. தசை மெலிவினால் அது அதிகம் ஏமாற்றப்படுவதில்லை. தைராய்டுக் கோளாறும் அழற்சியும் அதையும் சிறிது பிசகச் செய்யுமாயினும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் எளிதில் வழி தவறமாட்டார். எலும்பின் கதையும் இத்தகையதே. வலிப்புக்காக வருஷக்கணக்கில் பெனிட்டாயின், பீனோபார்பிட்டோன் உண்பவர்களுக்கு வைட்டமின் டி கல்லீரலில் விரைவாக அழிந்துபோகிறது. வெயிலும் படாது, காலில் பளுவும் ஏறாது. கட்டிலிலிருந்து தூக்கும்போதே தொடை எலும்பு முறிந்துவிடக்கூடும். அந்தச் சத்தின் அளவை ரத்தத்தில் பார்த்துவைப்பது பெரிய வித்தையன்று.

நம் தேசத்தில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளர் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் இதுவும் ஒன்று. அதன் 25-ஆம் பிரிவு ஆஸ்பத்திரிகளில் தடையற்ற வழியையும் முன்னுரிமைச் சிகிச்சையையும் உறுதி கூறுகிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டமும் நல்ல திட்டமே. ஆனால், அது பிறப்பு முதல் 18 வயது வரையில்தான். பத்தொன்பதாவது வயதில் அந்தப் பிள்ளை எந்த வாசலுக்குப் போவது? குழந்தை வைத்தியர் விடை கொடுத்துவிடுகிறார். பெரியவர்களைப் பார்க்கும் வைத்தியரோ இந்நோயைக் குழந்தை நோயென்றே படித்தவர்.

நம் மாகாணத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். தாய்க்கு மாத்திரை கொடுக்க வருபவர், அதே வீட்டின் உள்ளறையில் படுத்திருக்கும் முப்பது வயது மகனின் கையிலும் ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றிப் பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை அவன் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் வைட்டமின் டி-யும் பார்க்கப்படட்டும். சிஸ்டாட்டின் ஸி பரீட்சை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலேனும் இவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்படி சர்க்கார் உத்தரவிட வேண்டும். 18 வயது நிறையும் நாளிலேயே பிள்ளையின் வைத்தியக் குறிப்பு முழுவதும் பெரியவர்களின் வைத்தியரிடம் நேரில் ஒப்படைக்கப்பட வேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் சுகாதார மானியக் கோரிக்கை வரும்போது இவற்றைக் கேட்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.