மீள்வாழ்வு இல்லங்களில் மருந்தின் இடம்

ஹெரோயின் பழக்கத்திலிருந்து விடுபடுபவர் எந்த மருந்தையும் தொடாதிருந்தால் மட்டுமே உண்மையில் மீண்டவராவார் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருப்பினும், கடந்த அறுபது ஆண்டுகளின் மருத்துவ ஆய்வுகள் அதற்கு மாறான முடிவையே காட்டுகின்றன.

ஹெரோயின், நரம்புக் கலங்களிலுள்ள அபினி ஏற்பிகளைத் தூண்டுகின்றது. உடல் தானே சுரக்கும் வலிநிவாரணப் பொருள்கள் பொருந்தும் புரதங்களே இந்த ஏற்பிகள். இவற்றின் சமநிலை நாளடைவில் குலைந்துவிடுவதால், போதைப்பொருளை நிறுத்தியதும் உடல்வலி, வயிற்றோட்டம், உறக்கமின்மை முதலிய விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. 1965ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் இதற்கான சிகிச்சையாக முன்வைத்த மெதடோன், அதே ஏற்பிகளில் மெதுவாகவும் நீண்டநேரமும் செயற்படுவதால், நாளுக்கு ஒருவேளை உட்கொண்டாலே வேட்கையைத் தணிக்கின்றது. நாக்கின் அடியில் கரையும் புப்ரெனோர்பின் ஏற்பிகளைப் பகுதியளவில் மட்டுமே தூண்டுவதால், மூச்சை அடக்கும் அதன் விளைவு ஓர் எல்லைக்கு மேல் பெரிதும் கூடுவதில்லை. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

2017ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மெதடோன் சிகிச்சையில் இருந்தோரில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 11 பேரும், சிகிச்சையை விட்டோரில் 36 பேரும் இறந்தனர். மருந்தின்றி விலகியிருக்கும் காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவில் மீண்டும் ஹெரோயின் எடுப்பவருக்கு மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகுதியாவதே இதற்கு முக்கிய காரணமாகும்.

ஆகவே, சிகிச்சைக்குப் பின் போதையின்றிக் கூடிவாழ அமைந்த மீள்வாழ்வு இல்லம், மருந்தைக் கைவிட்டால்தான் இடமுண்டு என்று நிபந்தனை விதிப்பது உயிராபத்தை விளைவிக்கும். பிறர் கைக்கு மருந்து போகாதவாறு பூட்டிவைத்து, உட்கொள்வதைக் கண்காணித்துப் பதிவுசெய்வதும், மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கக்கூடும் என எச்சரிப்பதும், அளவை மாற்றும் பொறுப்பை வைத்தியரிடமே விடுவதும் இல்லத்தின் கடமைகளாகும். ஹெரோயினைக் கண்டறியும் வழமையான சிறுநீர்ச் சோதனை மெதடோனையும் புப்ரெனோர்பினையும் பெரும்பாலும் காட்டாது என்பதால், அவற்றுக்குத் தனிச்சோதனை தேவை. 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைனுக்கு இத்தகைய மாற்றுமருந்து இன்னும் நிறுவப்படாததால், அதற்கு உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையுமே முதன்மையானவை.

இலங்கையில் 1984ஆம் ஆண்டில் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கும், 2007ஆம் ஆண்டில் போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் சட்டத்தால் மட்டும் அயலவர் பார்வை மாறிவிடாது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு போன்ற சிற்றூர்களில், ஒருவர் நாள்தோறும் மருந்துக்குச் செல்வது எளிதில் ஊரறிந்த செய்தியாகிவிடும் என்பதால், இரகசியம் பேணுதலும் சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும். நீரிழிவு நோயாளியின் இன்சுலினைப் பழிக்காத சமூகம், இந்த மருந்தையும் அவ்வாறே ஏற்க வேண்டும். அதை எப்போது நிறுத்துவது என்பது சிகிச்சை பெறுபவரும் வைத்தியரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியதே தவிர, இல்ல நிர்வாகமோ உறவினரோ தீர்மானிக்க வேண்டியதன்று.